எலி காட்டிய தவறான வழி

மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்று சந்தேகம் வந்தால், எம்ஆர்ஐ படத்தோடு சேர்த்து முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுத்தும் சோதிப்பது வழக்கம். பெரும்பாலான நோயாளிகளின் தண்டுவட நீரில் ஆன்டிபாடிகள் பட்டை பட்டையாகத் தெரியும். அங்கே அவை மிகுந்திருப்பதை 1940களிலேயே அமெரிக்காவின் எல்வின் கபாட் காட்டிவிட்டார். ஆன்டிபாடிகளின் மூலம் பி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள். அப்படியானால் இந்த நோயில் பி செல்லுக்கு ஏதோ பங்கு இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் ஆராய்ச்சி உலகின் பெரும்பகுதி அடுத்த அரை நூற்றாண்டுக்கு அந்தப் பக்கம் திரும்பவில்லை. அதை அந்தப் பக்கம் திருப்பியவர்களில் முதன்மையானவர் ஸ்டீபன் ஹாசர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர்.

'எம்.எஸ்.' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த நோயைப் பாரிஸின் சால்பெட்ரியர் மருத்துவமனையில் 1868இல் தெளிவாக விவரித்தவர் ஷார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு மண்டலம், மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறையைத் தாக்குகிறது. உறை உரிந்த இடத்தில் நரம்பின் சைகை தடுமாறும். ஒருவருக்குக் கண் மங்கும், இன்னொருவருக்குக் கால் மரத்துப்போகும், மற்றொருவருக்குச் சிறுநீர் அடங்காது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்கும். பெண்களையே அதிகம் பாதிக்கும்.

ஹாசர் 1970களில் பாஸ்டனில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது இளம் பெண் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்தார். கடுமையான எம்.எஸ். அவருடைய பேச்சையும் விழுங்கும் திறனையும் பறித்திருந்தது. அப்போது இந்த நோயின் போக்கை மாற்றக்கூடிய மருந்து ஒன்றுகூட இல்லை; முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டா அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1993இல்தான். வாழ்நாளை இந்த நோய்க்கே கொடுப்பது என்று அந்தப் பெண்ணைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்ததாக ஹாசர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

அன்றைய ஆய்வுக்கூடங்களில் எலிதான் அரசன். மயலின் புரதத்தை ஊசி வழியே செலுத்தி, எலிக்கு எம்.எஸ். போன்ற ஒரு நோயை வரவழைப்பார்கள். அதை நடத்துபவை டி செல்கள் என்னும் வேறு வகை வெள்ளை அணுக்கள். ஆகவே மனிதரிடமும் குற்றவாளி டி செல்லே என்று முடிவுகட்டினார்கள். எலியைக் குணப்படுத்திய மருந்துகள் மனிதரிடம் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றபோதும் இந்த நம்பிக்கை அசையவில்லை. சோதனை விலங்கை நோயாகவே எண்ணிவிடுவது மருத்துவ அறிவியலின் பழைய பலவீனம்.

ஹாசருக்குச் சந்தேகம் வந்தது. எலியின் மூளையில் தெரியும் பாதிப்பு, இறந்த நோயாளிகளின் மூளைத் திசுவில் காணும் பாதிப்போடு ஒத்துப்போகவில்லை. அவரும் சக ஆய்வாளர் கிளாட் ஜெனைனும் மார்மோசெட் என்ற சின்னஞ்சிறு தென்னமெரிக்கக் குரங்குக்கு மாறினார்கள். இதில் ஒரு வசதி இருந்தது. இந்தக் குரங்குகள் பெரும்பாலும் இரட்டைக் குட்டிகளாகப் பிறக்கும்; கருவிலேயே இரண்டும் ரத்தத்தைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்றின் எதிர்ப்பு அணுக்களை மற்றொன்றுக்கு ஏற்றினாலும் உடல் நிராகரிக்காது. டி செல்களை மட்டும் ஏற்றிப் பார்த்தார்கள்: அழற்சி வந்தது, உறை உரியவில்லை. ஆன்டிபாடியும் சேர்ந்தபோது மனித நோயைப் போலவே உரிந்தது. 1995இல் இது வெளியானது.

பி செல்லை ஒழிக்கும் மருந்து விரைவிலேயே கைக்கு எட்டியது. ரிட்டுக்சிமாப் என்ற அந்த மருந்து 1997இல் நிணநீர்ப் புற்றுநோய்க்காக அனுமதிக்கப்பட்டது. பி செல்லின் மேல்பரப்பில் உள்ள சிடி20 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு அந்த அணுவை அழிப்பது அதன் வேலை. இதை எம்.எஸ். நோயாளிகளிடம் சோதிக்க அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களிடம் ஹாசர் குழு நிதி கேட்டது. உயிரியல்படி பொருந்தாத யோசனை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. கடைசியில் ஜெனென்டெக் நிறுவனம் ஒரு சிறு சோதனைக்குச் சம்மதித்தது.

மொத்தம் 104 பேர். 69 பேருக்கு மருந்து, 35 பேருக்கு வெற்று ஊசி. 24 வாரங்களுக்குள், மூளையில் புதிதாகக் கிளம்பும் அழற்சித் தழும்புகள் மருந்து பெற்றவர்களிடம் 91 சதவீதம் குறைந்திருந்தன. நோய் மீண்டும் தாக்கியவர்கள் வெற்று ஊசிக் குழுவில் 34.3 சதவீதம், மருந்துக் குழுவில் 14.5 சதவீதம். 2008 பிப்ரவரியில் முடிவுகள் அச்சேறின.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஹாசர் குறிவைத்தது ஆன்டிபாடியை. ஆனால் ரிட்டுக்சிமாப் ஆன்டிபாடியைப் பெரிதாகக் குறைக்கவே இல்லை! ஆன்டிபாடியை உற்பத்தி செய்பவை பி செல்கள் முதிர்ந்து உருவாகும் பிளாஸ்மா செல்கள்; அவற்றின் மேல் சிடி20 கிடையாது. மருந்து அவற்றைத் தொடாது. இருந்தும் சில வாரங்களிலேயே பலன் தெரிந்தது. ஆக, பி செல் வேறு ஏதோ வேலை பார்த்திருக்கிறது. இன்றைய புரிதல்படி அது ஊர்க் கோள்மூட்டியைப் போல: மயலின் துண்டுகளை எடுத்துப்போய் டி செல்லிடம் காட்டி உசுப்பேற்றுகிறது. எலியை நம்பியவர்கள் டி செல்லைப் பற்றிச் சொன்னதிலும் உண்மை இருந்தது. தூண்டிவிட்டது யார் என்பதைத்தான் விட்டுவிட்டார்கள். ஹாசரோ தன் விளக்கத்தில் பாதி பிசகி, மருந்தில் முழுதாக வென்றார்.

அடுத்து வந்தது ஓக்ரெலிசுமாப். அதுவும் சிடி20ஐத் தாக்குவதே, மனிதப் புரதத்துக்கு இன்னும் நெருக்கமாக வடிவமைக்கப்பட்டது. ரிட்டுக்சிமாபின் காப்புரிமை முடியும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். 1,656 பேரிடம் நடந்த இரண்டு சோதனைகளில், இன்டர்ஃபெரானைவிட ஏறத்தாழ பாதி அளவுக்குத் தாக்குதல்கள் குறைந்தன. 2017 மார்ச்சில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. தொடக்கம் முதலே மெல்ல மெல்ல முற்றும் வகை எம்.எஸ்.ஸுக்கு அனுமதி பெற்ற முதல் மருந்தும் இதுவே. அந்த வகையில் பலன் குறைவுதான்: ஊனம் முற்றும் அபாயம் 24 சதவீதம் குறைந்தது, அவ்வளவே. இழந்த நரம்பை இந்த மருந்துகள் மீட்டுத் தருவதில்லை. தொற்று அபாயமும் உண்டு.

இந்தப் பணிக்காக ஹாசருக்கு 2025ஆம் ஆண்டின் பிரேக்த்ரூ அறிவியல் பரிசு கிடைத்தது; அதை அவரோடு பகிர்ந்துகொண்டவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஆல்பெர்ட்டோ அஷேரியோ. எப்ஸ்டைன்–பார் வைரஸ் தொற்றினால் எம்.எஸ். அபாயம் 32 மடங்கு உயர்வதை, 1 கோடி அமெரிக்க ராணுவத்தினரின் தரவுகளைக் கொண்டு 2022இல் காட்டியது அவருடைய குழு. அந்த வைரஸ் உடலில் காலம் முழுதும் குடியிருக்கும் இடம், அதே பி செல்தான்.

ஓக்ரெலிசுமாபின் விலை நம் நாட்டில் பலருக்கு எட்டாது. ரிட்டுக்சிமாபின் மலிவான மாற்று வடிவத்தை ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் 2007இலேயே கொண்டுவந்துவிட்டது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்கான மருந்தாக ரிட்டுக்சிமாபைச் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 குறைபாடுகளில் இந்த நோயும் ஒன்று. ஒரு கண் வலியோடு மங்கினாலோ, கை காலில் மரப்பு ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, தானாகச் சரியாகும் என்று காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இந்த நோயில் முன்கூட்டியே தொடங்கும் சிகிச்சைக்குத்தான் பலன் அதிகம்.