ஏமாந்த கதையைச் சொல்லுவோம்
தனியே பயணம் போகும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்



கடந்த மாதம் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்தின் முன்பள்ளிக் கட்டிடத்தில் எமது மாதாந்தப் பெண்கள் கூட்டம் நடைபெற்றது. வழமையாகச் சேமிப்பு, கோழி வளர்ப்பு, சுயதொழில் கடன் என்றுதான் எங்கள் பேச்சு இருக்கும். அன்று கூட்டம் முடியும் நேரத்தில் ஒரு தங்கை எழுந்தாள்.

"அக்கா, நான் வாற கிழமை தனியக் கொழும்புக்குப் போகவேணும். பயமாக் கிடக்கு" என்றாள்.

"என்ன பயம்?"

"ஆரும் ஏமாத்திப் போடுவாங்கள் எண்டுதான்."

கூட்டத்தில் இருபத்திரண்டு பெண்கள் இருந்தார்கள். "பயணத்தில் ஏமாந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். சரி, முதலில் என் கதையைச் சொல்லுவோம் என்று தொடங்கினேன். இதுவரை என் அம்மாவுக்குக்கூடச் சொல்லாத கதை அது.

நான் ஏமாந்தது

2013ஆம் ஆண்டு. பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, ஒரு நேர்முகப் பரீட்சைக்காக முதன்முறையாகத் தனியே கொழும்புக்குப் போனேன். இரவு பஸ் விடியப்புறம் நாலரை மணிக்கே புறக்கோட்டையில் இறக்கிவிட்டது. இறங்க முன்னரே நாலைந்து ஓட்டோக்காரர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் என் பையை எடுத்துத் தன் ஓட்டோவில் வைத்தே விட்டார். பம்பலப்பிட்டிக்கு எவ்வளவு என்று கேட்டேன். அவர் சொன்னது எனக்கு "தெசீய" என்று கேட்டது. இருநூறு ரூபா. ஏறிவிட்டேன்.

இறங்கும்போது "தெதாஹ" என்றார். இரண்டாயிரம் ரூபா! நான் பிழையாகக் கேட்டேனா, அவர் மாற்றிச் சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியாது. தெருவில் வேறு ஆளில்லை. பை அவருடைய காலடியில். ஆயிரத்து ஐந்நூறு ரூபாவைக் கொடுத்துவிட்டு, கை நடுங்க இறங்கினேன். அம்மா தொலைபேசியில் கேட்டபோது, "சிநேகிதியின்ர அண்ணா வந்து கூட்டிக்கொண்டு போனவர்" என்று பொய் சொன்னேன். சமூகவியல் படித்தவள் இருநூறுக்கும் இரண்டாயிரத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் நின்றேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

இரண்டு பெண்கள், ஒரே ஆள்

நான் சொல்லி முடித்ததும், பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா மெல்லப் பேசத் தொடங்கினார். ஐம்பது வயதிருக்கும். 1990இல் அவருடைய தாயும் தம்பிமாரும் படகில் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். இவர் பேத்தியாருடன் நின்றுவிட்டார். 2018இல் தமிழ்நாட்டு முகாமில் இருந்த தாய்க்குக் கடுமையான சுகவீனம் என்று செய்தி வந்தது. தோட்டை அடகு வைத்து, ஒருநாள் சேவையில் கடவுச்சீட்டு எடுப்பதற்காகப் பத்தரமுல்லைக்குப் போனார்.

வாசலுக்கு வெளியே ஒருவன் வந்து தமிழில் கதைத்தான். "அம்மா வன்னியோ? நானும் வவுனியாதான்" என்றான். இன்றைக்கு இலக்கத்துண்டு முடிந்துவிட்டது, உள்ளே தனக்கு ஆள் இருக்கிறது, ஆறாயிரம் ரூபா தந்தால் பின்னேரமே கடவுச்சீட்டு கையில் என்றான். காசு, விண்ணப்பம், பிறப்புச் சாட்சிப் பத்திரம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, தேநீர்க் கடையில் இருக்கச் சொல்லிவிட்டுப் போனான். அக்கா நாலு மணிவரை அந்தக் கடையில் இருந்தார்.

"வீட்ட வந்து பிள்ளையளுக்குக் கந்தோரில கொம்பியூட்டர் பழுதெண்டு சொன்னன். ஒருத்தருக்கும் உண்மையைச் சொல்லேல்லை. வெக்கமாக் கிடந்தது பிள்ளை" என்றார்.

பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை மீண்டும் எடுத்து, மீண்டும் கடன் பட்டு, கடவுச்சீட்டுடன் அவர் தாயிடம் போய்ச் சேர்ந்தபோது, தாய் ஆட்களை மட்டுக்கட்டும் நிலையில் இருக்கவில்லை.

அப்போதுதான் முன்வரிசையில் இருந்த இன்னொருவர் திரும்பிப் பார்த்தார். "நானும் வவுனியாதான் எண்டு சொன்னவனோ? அடுத்த வருசம் நானும் அவனிட்டத்தான் காசு குடுத்தனான். அக்கா, நீங்கள் அப்பவே சொல்லியிருந்தா நான் தப்பியிருப்பன்" என்றார்.

இருவருடைய வீடுகளுக்கும் இடையே ஒரு வேலிதான்.

சகோதரிகளே, ஏமாற்றுபவனுடைய முதல் எங்கள் அறியாமை மட்டுமல்ல. எங்கள் வெட்கமும் அவனுக்கு முதல்தான். ஒருத்தி வாயை மூடிக்கொண்டால், அவனுக்கு அடுத்த ஆள் தயார்.

ஏன் நாங்கள் எளிதில் அகப்படுகிறோம்?

எங்களுக்குப் பயணம் என்பது சோதனைச் சாவடிதான். ஏ-9 பாதை 2002இல் திறந்தபோது ஓமந்தையிலும் முகமாலையிலும் வரிசையில் நின்றோம். 2006 ஓகஸ்ட் மாதத்தில் அதுவும் மூடப்பட்டது. 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம்தான் அதை இடைநிறுத்தியது. இப்படி வளர்ந்த எங்களுக்கு, யார் அதட்டிக் கேட்டாலும் அடையாள அட்டையை நீட்டுவதும், எதிர்க்கேள்வி கேளாமல் இருப்பதும் கைப்பழக்கமாகிவிட்டது. அன்று அது எங்களைக் காப்பாற்றியது. இன்று அதே பழக்கத்தைத்தான் ஏமாற்றுபவன் பயன்படுத்துகிறான். ஆகவே கேள்வி கேட்பதற்கு நாங்கள் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது.

புறப்பட முன்னர்

முதலில், போகத்தான் வேண்டுமா என்று பாருங்கள். கடவுச்சீட்டுக்கு எல்லோரும் பத்தரமுல்லைக்குப் போகத் தேவையில்லை. வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலும் ஒன்று திறக்கப்பட்டது. எந்த அலுவலகத்தில் என்ன வேலை ஆகும், எந்தப் பத்திரங்கள் தேவை என்பவற்றை அரசாங்கத் தகவல் நிலையமான 1919 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

இலக்கத்துண்டைத் தருவது அலுவலகம். கட்டணத்தை வாங்குவது கருமபீடம். அங்கே பற்றுச்சீட்டும் தருவார்கள். வாசலில் நின்று காசு கேட்பவர் எந்த ஊரவராக இருந்தாலும் அவர் தரகர்தான்.

மூலப் பத்திரங்களின் பிரதிகளை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். காசை இரண்டு இடங்களில் பிரித்து வையுங்கள். திரும்பி வருவதற்கான பஸ் காசைத் தனியே முடிந்து வைத்து, அதைத் தொடாதீர்கள். என்ன பஸ்ஸில் போகிறீர்கள், எங்கே தங்குவீர்கள் என்பதை ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

இறங்கும் இடத்தில்

இருட்டோடு போய் இறங்கினால் அவசரப்பட வேண்டாம். பஸ் நிலையத்தில் மற்றப் பெண்கள் இருக்கும் வெளிச்சமான இடத்தில் விடியும்வரை இருங்கள். பையை எவருடைய கையிலும் கொடுக்காதீர்கள். பை ஏறினால் நாங்களும் ஏறத்தான் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஓட்டோவில் மீற்றர் இருந்தால் ஏறும்போதே போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கூலியைப் பேசி, அந்தத் தொகையைத் தாளிலோ கைத்தொலைபேசியிலோ இலக்கத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். இலக்கத்துக்கு மொழி இல்லை. அன்று நான் இதைச் செய்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டேன். கைத்தொலைபேசிச் செயலி மூலம் ஓட்டோ எடுக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அதை நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். கூலியும் வாகன இலக்கமும் முன்கூட்டியே தெரியவரும்.

சிங்களம் தெரியாதவர்கள் ஐந்து சொற்களைப் பாடமாக்கினால் போதும். "கீயத?" என்றால் எவ்வளவு. "லியலா தென்ன" என்றால் எழுதித் தாருங்கள். "மீட்டர் எக தாண்ட" என்றால் மீற்றரைப் போடுங்கள். "மெதன நவத்தன்ன" என்றால் இங்கே நிறுத்துங்கள். "எபா" என்றால் வேண்டாம். இந்தக் கடைசிச் சொல்லைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். வேண்டாம் என்று சொல்வது மரியாதைக் குறைவு அல்ல.

மொழி தெரிந்தால் மட்டும் தப்பிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். அந்த அக்காவை ஏமாற்றியவன் தமிழன். உறவினரைப் பார்க்கச் சென்னைக்குப் போகிறவர்களிடமும் தமிழிலேயே கூடுதல் கூலி கேட்பார்கள். அங்கே விமான நிலையத்தில் முற்பணம் கட்டி வாடகைக் கார் எடுக்கும் கருமபீடம் உண்டு. மெற்றோ ரயிலும் நிலையத்திலிருந்தே போகிறது.

பஸ்ஸுக்குள்ளே

நடத்துனரிடம் ரிக்கற்றைக் கேட்டு வாங்குங்கள். மிச்சக் காசைப் "பிறகு தாறன்" என்றால், ரிக்கற்றின் பின்புறத்தில் தொகையை எழுதித் தரச் சொல்லுங்கள். கூடுதலாகப் பணம் வாங்கினாலோ, மரியாதையின்றி நடத்தினாலோ பஸ்ஸின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 இலக்கத்துக்கு முறையிடலாம்.

இன்னொன்றையும் பேசத்தான் வேண்டும். பஸ்ஸில் தேவையில்லாமல் உரசுவதும் கை வைப்பதும் எங்களில் யாருக்குத்தான் நடக்கவில்லை? ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, இலங்கையில் பஸ்ஸிலும் புகையிரதத்திலும் ஒரு தடவையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளான பெண்கள் 90 வீதம். பொலிஸின் உதவியை நாடியவர்களோ 4 வீதம்தான். மற்றவர்கள் எங்களைப் போல் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள்.

இது குற்றம். தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். "அத கன்ன", அதாவது கையை எடு என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் பெண்ணை உதவிக்கு அழையுங்கள். எழுந்து நடத்துனரிடம் போங்கள். அவசரமாயின் பொலிஸ் 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. உங்கள் உடுப்பையோ நீங்கள் தனியே வந்ததையோ யாராவது குறை சொன்னால், அது அவர்களுடைய அறியாமை.

அடையாள அட்டை கேட்டால்

பொலிஸார் கேட்டால் காட்டத்தான் வேண்டும். ஆனால் சாதாரண உடுப்பில் வந்து "நான் பொலிஸ்" என்பவரிடம், "உங்கள் அட்டையையும் காட்டுங்கள்" என்று பணிவாகக் கேட்கலாம். சந்தேகம் இருந்தால், "பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் கதைப்போம்" என்று சொல்லுங்கள். ஆளில்லாத இடத்துக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள்.

பயணத்தில் பழக்கமாகி, "வெளிநாட்டில் நல்ல வேலை இருக்கு, கடவுச்சீட்டைத் தாங்கோ" என்பவர்களிடமும் கவனம் தேவை. சுற்றுலா விசாவில் வேலைக்கென்று அழைத்துச் செல்லப்பட்ட எமது நாட்டுப் பெண்கள் ஓமானில் விற்கப்பட்ட கதை 2022 நவம்பரில் நாடெங்கும் பேசப்பட்டது. சுற்றுலா விசா வேலை விசா அல்ல. முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்டறியாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

திரும்பி வந்த பிறகு

இவ்வளவு கவனமாக இருந்தும் ஒரு நாள் ஏமாறத்தான் நேரும். கொழும்பில் பிறந்தவர்களும் ஏமாறுகிறார்கள். அதனால் நாங்கள் முட்டாள்கள் ஆகிவிடுவதில்லை. ஆனால் அதை ஒளிக்க வேண்டாம். எந்த இடம், என்ன சொன்னான், எவ்வளவு போனது என்பதை அயலில் இருப்பவளுக்குச் சொல்லுங்கள். பெரிய தொகையென்றால் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழிதான். தெரியாத மொழியில் எழுதியதை வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

அன்றைய கூட்டத்தின் முடிவில் ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்குவதென்று தீர்மானித்தோம். பயணம் போய் வரும் ஒவ்வொருவரும் கொடுத்த கூலி, போன இடம், கவனிக்க வேண்டியவை என்பவற்றை அதில் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, மற்றவர்கள் எழுதுவார்கள். முதலாம் பக்கத்தில் என் ஆயிரத்து ஐந்நூறு ரூபாவை நானே எழுதினேன். அதன் கீழே அந்த இரு அக்காமாரின் கதைகள்.

பயந்த தங்கை கொழும்புக்குப் போய் வந்துவிட்டாள். இரவே தொலைபேசி எடுத்தாள். ஓட்டோக்காரர் எண்ணூறு கேட்டாராம். இவள் "எபா" என்றுவிட்டு நடந்தாளாம். பின்னாலே வந்து ஐந்நூறு என்று தாளில் எழுதிக் கொடுத்தாராம்.

"அக்கா, நான் அந்தத் துண்டைக் கொண்டுவந்திருக்கிறன். கொப்பியில ஒட்டவேணும்" என்றாள்.

உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கொப்பியைத் தொடங்குங்களேன்.