மட்டாஞ்சேரி இராமாயணம்: துண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்

மேசைமேல் இருக்கும் துண்டுகள், இந்த அரண்மனையின் பள்ளியறைச் சுவரிலுள்ள இராமாயண ஓவியத்தின் பகுதிகள். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்த மாளிகை இது.

ஜிக்சா பழகியவர்கள் வானத்தைத் தனியே பிரித்து வைப்பார்கள். இங்கே அது நடக்காது. கேரளச் சுவரோவியர் விரலளவு இடத்தையும் சும்மா விடமாட்டார். மாலை, ஆபரணம், இலை என்று நிரப்பிவிடுவார். அதனால் நிறத்தைப் பிடித்துப் போங்கள். பச்சை மேனி இராமன். அவுரிச்சாற்றில் மஞ்சள் மரப்பிசினைக் கலந்து எடுத்த பச்சை அது, எவ்வளவு அழகு! சிவப்பும் மஞ்சளும் காவிமண். கறுப்பு, எண்ணெய் விளக்கின் புகைக்கரி. வெள்ளைக்குச் சுண்ணாம்புச் சுவரே போதும்.

கண்கள் உள்ள துண்டுகளைக் கடைசியாக வையுங்கள். மரபுப்படி ஓவியரும் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்.