மழைக்காலத்தில் கோழிகள்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், கொல்லையில் நாலு கோழி வளர்க்கும் குடும்பத்தார் முதலில் கவனிக்க வேண்டியது குளிரையல்ல, ஈரத்தையே. கோழியின் தேக உஷ்ணம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். இறகுகளுக்கிடையே அடைபட்டு நிற்கும் காற்றே கம்பளியாக அமைந்து அந்த உஷ்ணத்தைக் காப்பதால், இறகு உலர்ந்திருக்கும் வரை மார்கழிப் பனியையும் அது சிரமமின்றித் தாங்கிக்கொள்ளும். நனைந்துவிட்டாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

ஆகவே, கோழிக்கூண்டைத் தரையிலிருந்து ஒன்றிரண்டு அடி உயர்த்தி, சாரல் அடிக்கும் பக்கத்தில் மட்டும் சாக்குப் படுதா கட்டி, கூரையடியில் காற்றுப் போக இடைவெளி விடுவது உத்தமம். குளிருக்குப் பயந்து நாற்புறமும் இறுக மூடிவிடுவது அன்பினால் செய்யும் பிழை என்பேன். ஈர எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா கண்ணையும் சுவாசத்தையும் கெடுத்துவிடும். உள்ளே பரப்பிய உமியைத் தினந்தோறும் கிளறி, நனைந்த பகுதியை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். ஏனெனில் ரத்தக் கழிச்சலை விளைவிக்கும் நுண்ணுயிர்கள் ஈரத்திலேதான் வீரியம் பெறுகின்றன.

குஞ்சுகள் விஷயம் வேறு. மென்தூவி மட்டுமே போர்த்திய அவற்றுக்கு முதல் வாரத்தில் சுமார் 35 டிகிரி உஷ்ணம் அவசியம். தாயின் சிறகு அதைத் தரும், தாயில்லையேல் உமியிலும் மூங்கிலிலும் படாதபடி ஜாக்கிரதையாக ஒரு மின்விளக்கைத் தொங்கவிடலாம். அவை விளக்கடியில் நெருக்கியடித்து நின்றால் குளிர் என்றும், விலகி ஓடினால் வெப்பம் மிகுதி என்றும் அறியலாம்.

பூசணம் பிடித்த தீவனத்தை மட்டும், விலையை எண்ணித் தயங்காமல், எறிந்துவிடுங்கள். அதிலுள்ள நஞ்சு ஈரலைத் தாக்கும்.