உயிர் காக்கும் காற்றுப்பை

சென்னை இராயப்பேட்டையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை மோட்டார் உறுப்புக் கடைகளுக்குப் பெயர்பெற்றது. அவ்வுறுப்புகளுள் ஸ்டீயரிங் சக்கரமும் ஒன்று. இக்காலக் கார்களில் அதன் நடுவே ஒரு காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டுள்ளது. 2019ஆம் ஆண்டு ஜூலை முதல் நம் நாட்டுப் புதிய கார்களில் ஓட்டுநருக்கு இது கட்டாயமாயிற்று.

கார் கடுமையாக மோதினால், மின்குறிப்புப் பெற்ற பை கண்ணிமைக்கும் நேரத்திற்குள் வாயுவால் உப்பி ஓட்டுநரின் தலையையும் மார்பையும் தாங்கும். சக்கரமோ சுழல்வது, மின்கம்பி அறுந்துவிடலாகாது. ஆதலால், கடிகார வில்லைப்போல் சுருண்ட மின்நாடா ஒன்று, சக்கரம் திரும்புந்தோறும் இறுகியும் தளர்ந்தும் இணைப்பைக் காக்கிறது.

பையைப் பொருத்துவோர் முதலில் பேட்டரியின் இணைப்பை நீக்கிச் சில நிமிடங்கள் காத்திருத்தல் வேண்டும். எஞ்சிய மின்சாரம் பையை விரியச் செய்துவிடக்கூடும். பின்னரே மின்நாடாவின் முனையைச் செருகிப் பையை இறுகப் பொருத்துவர். சிறிது பொறுமை உயிரைக் காக்கும்.