பானை செய்தவர் பெயர் எங்கே?

இந்தியச் சுடுமண் கலைஞர்களின் முவ்வாண்டுக் கண்காட்சி 2018-இல் ஜெய்ப்பூரிலும் 2024-இல் டெல்லியிலும் நடந்தது. டெல்லியில் அதற்கு 'காமன் கிரவுண்ட்' என்று பெயர் வைத்தார்கள். பிளவுபட்ட மனிதர்களை மண்ணை வைத்து நெருங்கச் செய்யலாம் என்ற எண்ணம் கலையுலகில் வலுத்து வருகிறது. அந்தக் கண்காட்சி ஒருநாள் திருச்சிக்கும் வரட்டும். வந்தால் பேசுபொருளை வெளியூரில் தேட வேண்டாம், இங்கேயே இருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் ரங்கநாதருக்கு அமுது மண்பானையில்தான். அன்றன்றைக்குப் புதுப்பானை, நேற்றையது இன்றைக்கு ஆகாது. அதே கோயிலில் துலுக்க நாச்சியாருக்குச் சன்னிதி உண்டு. சுல்தானின் மகள், உற்சவர் அழகியமணவாளன்மேல் ஆசை வைத்தவள் என்பது ஐதிகம். சிலை கிடையாது, சுவரில் ஓவியம். நைவேத்தியம் ரொட்டியும் வெண்ணெயும். படையெடுத்து வந்தவன் வீட்டுப் பெண்ணுக்கு இடம் கொடுத்து, அவள் வீட்டுச் சாப்பாட்டையே படைக்கும் ஊர் இது. பரிவு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆனால் மண்ணுக்கு இன்னொரு கதையும் உண்டு. செம்பையும் பித்தளையையும் புளி போட்டுத் துலக்கினால் தீட்டுப் போய்விடும், மண்பாண்டம் தீட்டை உறிஞ்சிக்கொள்ளும் என்றார்கள். 'ஆகாதவர்' கை பட்ட பானையை உடைத்தார்கள். டீக்கடையில் சிலருக்கு மட்டும் தனிக்குவளையும் சிரட்டையும் வைத்ததற்கும் வேர் இங்கேதான். ஒருமுறைக்கு மேல் புழங்கக் கூடாது என்ற ஒரே வழக்கம் பெருமாளுக்கு மரியாதையாகவும் மனிதனுக்கு அவமானமாகவும் இருந்திருக்கிறது. இதைச் சொல்லாத கண்காட்சி எனக்கு வேண்டாம்.

இரண்டுக்கும் பானை வனைந்தவர் ஒருவரே. அவரைப் பற்றித்தான் என் கவலையெல்லாம். காவிரியின் தென்கரையில் உறையூரில் 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தது. ரூலெட் பானை ஓடுகளும் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. கீழடி ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர்கள். செங்கடல் கரையில் எகிப்தின் குசைர் அல்-காதிமிலும் தமிழ்ப் பெயர் கீறிய ஓடு உண்டு. இவற்றில் பெரும்பாலானவை பானைக்கு உரியவர் பெயர்கள் என்கிறார்கள் அறிஞர்கள். செய்தவர் பெயர் அன்றும் பெரும்பாலும் இல்லை.

இன்று மெருகேற்றி 1200 டிகிரிக்கு மேல் சுடும் ஸ்டுடியோ கலைஞர் அடியில் கையொப்பம் இடுகிறார். திறந்த சூளையில் அதைவிடக் குறைந்த சூட்டில் சுடும் குயவரின் பானை பெயரில்லாமல் சந்தைக்குப் போகிறது. கண்காட்சிகளால் மண்பாண்டத்துக்கு மதிப்புக் கூடும், அது அவருக்கும் வந்துசேரும் என்போர் உண்டு. வரட்டும். அதற்குள் சக்கரத்தில் உட்கார ஆளும் வனைய மண்ணும் இருக்க வேண்டுமே! குளத்து மண் அள்ளத் தாசில்தார் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று 2024-இல் விதி எளிதானது நல்ல காரியம். ஆனால் சீமைக்கருவேல் மண்டி, கட்டடம் முளைத்து, குளமே சுருங்கினால் அனுமதிச் சீட்டை வைத்து எதை அள்ளுவது? மழைக்காலத்தில் பானை காயாது, சூளை எரியாது, வருமானம் நிற்கும். அப்பாவுடைய தொழிலைப் பிள்ளை தொடர மறுத்தால் அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திருச்சியில் அந்தக் கண்காட்சி நடந்தால் உறையூர் ஓடு, மடைப்பள்ளிப் பானை, டீக்கடைச் சிரட்டை மூன்றையும் ஒரே மேடையில் வையுங்கள். பானை வனைந்தவரை வேடிக்கை காட்டும் செய்முறைக்கு மட்டும் கூப்பிடாமல், கலைஞருக்குத் தரும் சம்பளத்தையே தந்து பேச அழையுங்கள். அழைப்பிதழில் அவர் பெயரும் கலைஞர்கள் பெயருக்கு இணையான எழுத்தில் வரட்டும்.