டப்பாவில் தூங்கும் பத்து ரூபாய்கள்... சில்லறையைச் சுமக்கவும் சேர்க்கவும் சில வழிகள்!

2022 ஜூன் மாதம், சேலத்தில் உள்ள ஒரு கார் ஷோரூமுக்குப் பத்து ரூபாய் நாணயங்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. மொத்தம் 6 லட்சம் ரூபாய். கொண்டு வந்தவர் தருமபுரி மாவட்டம் அரூர் பக்கத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர். அவருடைய அம்மா கடை வைத்திருக்கிறார். மீதிச் சில்லறையாகப் பத்து ரூபாய் நாணயத்தைக் கொடுத்தால் யாரும் வாங்குவதில்லை. வீட்டில் குவிந்துகொண்டே போனது. செல்லாத காசு என்று நினைத்து அதைப் பிள்ளைகள் விளையாட வைத்திருப்பதையும் அவர் பார்த்திருக்கிறார். இது செல்லும் என்று ஊருக்குக் காட்டத்தான் அத்தனை மூட்டையும். ஷோரூம்காரர்கள் முதலில் தயங்கினார்கள். பிறகு சம்மதித்து, எண்ணி முடித்து, காரைக் கொடுத்தார்கள்.

அதற்கு மூன்று மாதம் முன்பு, அதே சேலத்தில் இன்னொரு இளைஞர் 2.6 லட்சம் ரூபாய்க்கு பைக் வாங்கினார். கொடுத்தது முழுக்க ஒற்றை ரூபாய் நாணயங்கள். எண்ணி முடிக்கப் பத்து மணி நேரம் ஆனது.

படிக்க வேடிக்கைதான். ஆனால் எடை போட்டுப் பாருங்கள். ஒரு பத்து ரூபாய் நாணயம் 7.71 கிராம். அறுபதாயிரம் நாணயம் என்றால் 460 கிலோவுக்கு மேல். 2011-க்குப் பிறகு வந்த ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிராம், பைக்குக்குக் கொடுத்தது எல்லாமே அந்த வகை என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட ஒரு டன்! நம் வீட்டில் அவ்வளவு இருக்காது. ஆனால் சமையலறை அலமாரியில், டிவி பக்கத்தில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் என்று இரண்டு மூன்று கிலோவாவது தூங்கிக்கொண்டிருக்கும்.

சில்லறை என்றதும் சேர்த்து வைப்பதைத்தான் நினைக்கிறோம். சிக்கலே அங்கேதான். வீட்டுக்குள் வரும் நாணயம் திரும்ப வெளியே போவதில்லை. வெளியே போனால் பையில் சில்லறை இருப்பதில்லை.

ஆத்தூருக்குத் தெரிந்த கஷ்டம்

சேலத்துக்குக் கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருக்கும் ஆத்தூரில் இது புதிய கதை இல்லை. அரூர் இளைஞரின் அம்மா கடையில் நடந்தது, இங்கே எந்த மளிகைக் கடையிலும் நடக்கக்கூடியதுதான். கடைக்குக் கடை க்யூஆர் அட்டை தொங்குகிறது, உண்மை. ஆனாலும் தலைவாசல் காய்கறி மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போகிறவர், கருமந்துறை மலைப்பக்கம் பஸ் ஏறுகிறவர், பட்டன் போன் மட்டும் வைத்திருக்கும் தாத்தா, இவர்களுக்கெல்லாம் கையில் காசு வேண்டும். கீரைக்கட்டுக்கும் டீக்கும் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் கடைக்காரர் பார்க்கும் பார்வை எல்லோருக்கும் பழக்கம்.

2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் உள்ளூர்ப் பயணத்தில் சில்லறைச் சண்டை குறைந்தது. வெளியூர் பஸ்ஸில் அது அப்படியே இருக்கிறது. டிக்கெட்டின் பின்னால் மீதியை எழுதிக் கொடுத்துவிட்டு, 'இறங்கும்போது வாங்கிக்கோங்க' என்பார் கண்டக்டர். இறங்கும் அவசரத்தில் அந்த நான்கு ரூபாயை மறக்காதவர் யார்?

முதலில் பத்து ரூபாய் பயத்தை விடுங்கள்

சில்லறையை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கு முன்னால், எது செல்லும் என்பது தெளிவாக வேண்டும். இல்லாவிட்டால் பர்ஸில் பத்து ரூபாய் நாணயம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கோடுகள் பத்து இருந்தால் நல்லது, பதினைந்து இருந்தால் போலி; ரூபாய்க் குறியீடு இல்லாவிட்டால் செல்லாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதெல்லாம் புரளி. ரூபாய்க் குறியீடே 2010-ல்தான் அறிவிக்கப்பட்டது. அது பதித்த நாணயங்கள் 2011-ல் வந்தன. அதற்கு முன் அடித்ததில் அது எப்படி இருக்கும்? 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிக்கை, அதுவரை பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று சொன்னது. இதற்காகவே 14440 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைத்து விளக்கும் வசதியையும் செய்தார்கள். இத்தனைக்குப் பிறகும் 'இது இங்கே போகாதுங்க' என்ற ஒரு வார்த்தை ஒரு நாணயத்தையே முடக்கி வைக்கிறது. நஷ்டம் யாருக்கு? நாளெல்லாம் பத்து பத்தாக வாங்கி வியாபாரம் செய்யும் பூக்கார அக்காவுக்கும் இளநீர்க்கடைக்காரருக்கும்தான்.

ஐம்பது பைசாவும் சட்டப்படி இன்னும் செல்லும். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும்தான் 2011 ஜூன் 30-ஓடு விடைபெற்றன.

இருபது ரூபாய் நாணயத்தைப் பத்து என்று நினைத்துக் கொடுத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. இரண்டுக்கும் குறுக்களவு 27 மில்லிமீட்டர்தான். பத்தில் வெளி வளையம் மஞ்சள், நடுப்பகுதி வெள்ளை. இருபதில் அப்படியே தலைகீழ். கண் தெரியாத இருட்டில் விரலால் ஓரத்தைத் தடவுங்கள்: இருபதுக்கு 12 பக்கங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் அடையாளம் காண வேண்டும் என்றுதான் 2019 மார்ச்சில் வந்த புது வரிசை நாணயங்கள் வடிவமைக்கப்பட்டன.

சுருக்குப்பையை மிஞ்ச ஏதும் இல்லை

சில்லறையைச் சுமக்க நம் ஊரில் வழிகளுக்குப் பஞ்சமே இல்லை. முந்தானை முடிச்சு, வேட்டி மடிப்பு, வெற்றிலைப் பை, மாட்டு வியாபாரிகள் கட்டும் பை வைத்த அகலப் பச்சை பெல்ட். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் துளை போட்டு காலணா அடித்தார்கள். அந்த ஓட்டைக் காலணாவை நூலில் கோத்தே வைத்துக்கொள்ளலாம். சுமப்பதற்கு அதைவிடச் சுலபமான காசு பிறகு வரவே இல்லை.

இவற்றில் இன்றைக்கும் ஜெயிப்பது பாட்டியின் சுருக்குப்பை. கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். தலைகீழாக விழுந்தாலும் சிந்தாது. விரித்தால் உள்ளே இருப்பது மொத்தமும் ஒரே பார்வையில் தெரியும். இடுப்பில் செருகியிருப்பதால் குனிந்தாலும் விழாது. சட்டைப் பாக்கெட்டுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. செருப்பு வார் போடக் குனிந்தால் போதும், சாக்கடையோரம் உருண்டோடும். பேன்ட் பாக்கெட்டில் தினமும் போட்டால் நாலே மாதத்தில் அடித்துணி கிழியும். ஆண்கள் பர்ஸில் நாணயத்துக்கென்று இருக்கும் அந்தக் குட்டி அறையோ, பர்ஸையே முட்டை மாதிரி உப்ப வைத்து, உட்காரும்போது இடுப்பைக் கோணலாக்குவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

சுருக்குப்பை வேண்டாம் என்றால், நகைக்கடையில் கம்மலுக்குக் கொடுக்கும் சின்ன ஜிப் பர்ஸ் போதும். ஜிப் அகலமாகத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றும் இரண்டும் ஒரு பக்கம், ஐந்தும் பத்தும் மறுபக்கம் என்று இரண்டு அறை இருந்தால் கண்டக்டர் முன்னால் துழாவ வேண்டியதில்லை.

அளவு முக்கியம். ஒரு ரூபாய் ஐந்து, இரண்டு ரூபாய் மூன்று, ஐந்து ரூபாய் நான்கு, பத்து ரூபாய் நான்கு. மொத்தம் 16 நாணயம், 71 ரூபாய். எடை 90 கிராம்கூட வராது. இதை வைத்துக்கொண்டு நூறு ரூபாய்க்குக் கீழே பெரும்பாலான இடங்களில் சரியாகக் கொடுத்துவிடலாம். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் இதற்கு மேல் இருப்பதை டப்பாவில் போடுங்கள். குறைந்திருந்தால் டப்பாவிலிருந்து எடுத்து நிரப்புங்கள். டப்பாவிலிருந்து எடுப்பது குற்றமில்லை. அதைச் சேமிப்பு என்று நினைப்பதால்தான் கை வைக்கத் தயங்குகிறோம்.

வண்டி ஓட்டுகிறவர்கள் டேங்க் கவரில் நாலு ஐந்து ரூபாய் நாணயம் போட்டு வைப்பார்கள். பார்க்கிங்குக்கு, காற்றடிக்க உதவும். நல்ல வழக்கம்தான், கவர் ஜிப் கெட்டுப்போகாத வரை.

வீட்டில் வைக்கும்போது

மண் உண்டியல் பிள்ளைகளுக்குச் சேமிப்பு சொல்லிக்கொடுக்க நல்லது. வீட்டுச் சில்லறைக்கு அது ஆகாது. உடைத்தால்தான் எடுக்க முடியும் என்ற இடத்தில் போட்ட காசு உபயோகப்படாது. உள்ளே இருப்பது தெரிகிற, மூடி இறுக்கமாக உள்ள பிளாஸ்டிக் டப்பா போதும். ஈரக்கையால் போடாதீர்கள், உப்பு, புளி பக்கத்தில் வைக்காதீர்கள்; மஞ்சள் நிற நாணயங்கள் கறுத்துவிடும்.

பிரிப்பதற்கு ஒரு சுலப வழி இருக்கிறது. பழைய ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தம் கிடைத்தால், குவியலில் வையுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அடித்த ஒன்றும் இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும். பத்து ரூபாயும், மஞ்சள் நிற ஐந்து ரூபாயும் ஒட்டாது. பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள்.

பெரிய பிள்ளைகளிடம் மட்டும். கைக்குழந்தை, தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் நாணய டப்பா தலைக்கு மேலே உள்ள அலமாரியில்தான் இருக்க வேண்டும். விழுங்கிவிட்டால் வாயில் விரல் விட்டு எடுக்க முயல்வதோ, 'பழம் கொடுத்தால் உள்ளே போய்விடும்' என்று வாழைப்பழம் ஊட்டுவதோ கூடாது, உடனே ஆஸ்பத்திரி. புதிய ஒரு ரூபாய் நாணயமும், ரிமோட்டில் போடும் வட்டமான பட்டன் பேட்டரியில் பரவலாக உள்ள வகையும் ஒரே அளவு, 20 மில்லிமீட்டர். விழுங்கியது நாணயமா பேட்டரியா என்று வெளியிலிருந்து தெரியாது. பேட்டரியாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். எக்ஸ்ரே எடுக்காமல் வீட்டில் காத்திருக்க வேண்டாம். சில்லறை டப்பாவிலேயே பழைய பேட்டரியையும் போட்டு வைக்கும் பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

டப்பா நிறைந்துவிட்டால்?

முதல் வழி பக்கத்துக் கடை. டீக்கடை, பேக்கரி, மெடிக்கல் ஷாப் எல்லாவற்றிலும் காலை வியாபாரத்துக்குச் சில்லறை வேண்டும். சில இடங்களில் கமிஷன் கொடுத்தே வாங்குகிறார்கள். பத்துப் பத்தாக அடுக்கி, பேப்பரில் சுருட்டி ஒட்டி, மேலே எத்தனை ரூபாய் என்று எழுதிக் கொண்டுபோனால் சந்தோஷமாகத் தாள் கொடுப்பார்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள்.

கடைக்காரர் வேண்டாம் என்றால் கோபப்படவும் முடியாது. 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களை ஒரு தடவையில் 1,000 ரூபாய் வரைதான் சட்டப்பூர்வமாகக் கொடுக்கலாம். ஐம்பது பைசாவாக இருந்தால் 10 ரூபாய் வரை. கார் ஷோரூம்காரர்கள் மறுத்திருந்தால் சட்டம் அவர்கள் பக்கம்தான் இருந்திருக்கும்.

வங்கி விஷயம் வேறு. வாடிக்கையாளர் நாணயமாகக் கட்டுவதற்கு உச்ச வரம்பு எதையும் ரிசர்வ் வங்கி வைக்கவில்லை. எந்தக் கிளையும் நாணயத்தை வாங்க மறுக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. ஒன்றையும் இரண்டையும் எடை போட்டே வாங்கலாம்; நூறு நூறாகப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பது இன்னும் வசதி என்பது அதன் யோசனை. ஆக, வீட்டிலேயே நூறு எண்ணிப் பையில் போட்டு முடிச்சிடுங்கள். நூறு பத்து ரூபாய் நாணயம் என்றால் முக்கால் கிலோவுக்குச் சற்று மேல், சரியாக ஆயிரம் ரூபாய். ஐந்து பையைத் துணிப்பையில் எடுத்துப் போகலாம், மூட்டை தூக்க ஆள் வேண்டாம். சலானில் நாணயம் எத்தனை என்று தனியாக எழுதுங்கள். மாத முதல் வாரம், பென்ஷன் கூட்டம் இருக்கும் நாள்களைத் தவிர்த்து, மதியத்துக்கு மேல் போனால் கேஷியருக்கும் பொறுமை இருக்கும்.

அப்படியும் மறுத்தால் கிளை மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது.