பாலாற்றங்கரைத் தோல் கழிவும் நுண்ணுயிரிகளும்

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகையில் நெருங்கி அமைந்துள்ள தோல் பதனிடும் தொழிற்சாலைகள் மண்ணையும் கிணற்று நீரையும் கெடுத்தது குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீட்டையும் சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. இப்பகுதியின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கரிமக் கழிவின் பெருஞ்சுமையைக் குறைப்பவை பாக்டீரியாக்களே.

பச்சைத்தோலை ஊறவைக்கும்போது உப்பும் இரத்தமும், சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இட்டு முடி நீக்கும்போது கரைந்த புரதமும் கொழுப்பும், பதனிடும்போது தோல் ஏற்காமல் விட்ட குரோமியமும் நீரில் கலக்கின்றன. இவற்றுள் புரதத்தையும் கொழுப்பையும் உண்டு பெருகும் பாக்டீரியாக்களைக் காற்றூட்டத் தொட்டியில் வளர்த்து, பின் கசடாகப் படியவிட்டு, அக்கசடின் ஒரு பகுதியை மீண்டும் தொட்டிக்கே அனுப்புவதே நடைமுறை. தொட்டி நீரை ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்தால், கசடு அடியில் திரண்டு மேல்நீர் தெளிகிறதா, அன்றி இழையிழையாக மிதக்கிறதா என்பதைக் கண்டே பணியாளர் பாக்டீரியாக்களின் நலத்தை அறிந்துகொள்கிறார்.

காற்றில்லாத் தொட்டியில் கழிவைச் சிதைக்கும்போது நிலைமை சிக்கலாகிறது. மீத்தேன் என்னும் எரிவாயுவை உண்டாக்கும் நுண்ணுயிரிகளுக்கு உரிய உணவையே சல்பேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் நாடுகின்றன. தோல் கழிவில் சல்பேட் மிகுதியாதலால் பின்னவை ஓங்கி, அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. நச்சான அவ்வாயு மீத்தேன் நுண்ணுயிரிகளை முடக்குவதோடு, கழிவுத் தொட்டிக்குள் இறங்கும் தொழிலாளியின் உயிரையும் பறிக்கக்கூடியது. இந்த ஆபத்தைச் சுத்திகரிப்பின் சிறு குறையாகக் கருதுவது பெருந்தவறு.

குரோமியம் ஒரு தனிமமாதலால் எந்த நுண்ணுயிரியும் அதை அழிக்க இயலாது. கொடிய நச்சான ஆறு இணைதிறன் குரோமியத்தை, நச்சுத்தன்மை குறைந்த மூன்று இணைதிறன் வடிவத்துக்குச் சில பாக்டீரியாக்கள் மாற்றும் என்பது உண்மையே. ஆனால் பதனிடுதலில் பயன்படுவது பெரும்பாலும் மூன்று இணைதிறன் குரோமியமே என்பதால், அத்திறன் ராணிப்பேட்டையில் குவிந்துகிடக்கும் குரோமேட் ஆலைக் கழிவு போன்றவற்றுக்கே மிகுதியும் பொருந்தும். தொழிற்சாலையிலேயே குரோமிய நீரைத் தனியே பிரித்து, மக்னீசியம் ஆக்சைடால் வீழ்படிவாக்கி, கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பயன்படுத்துவதே தக்க வழி.

உப்பும் அவ்வாறே. படிப்படியாகப் பழக்கினால் உவர்நீரைத் தாங்கும் பாக்டீரியாக்கள் உண்டு எனினும், அவையும் உப்பை நீக்குவதில்லை. அது எதிர்ச் சவ்வூடுபரவலிலும் ஆவியாக்கியிலும் பிரிக்கப்பட்டு மூட்டைகளாகத் தேங்குகிறது.

நுண்ணுயிரிகளின் துணையைக் கழிவுநீர் உருவாகும் முன்பே பெறுவதில்தான் பெரும்பயன் உள்ளது. பாசில்லஸ் இனப் பாக்டீரியாக்கள் சுரக்கும், புரதத்தைச் சிதைக்கும் நொதிகளால் முடியை நீக்கினால் முடி கரையாமல் முழுதாகக் கழன்று சல்லடையில் தங்கும். சல்பைடும் பெரிதும் குறையும். சென்னையில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் நெடுங்காலம் ஆய்ந்துள்ளது. நொதி சற்று மிகுதியாக வினைபுரிந்தாலும் தோலின் மேற்பரப்பு சிதைந்து விலை வீழ்ந்துவிடும் என்பதால், சல்பைடை முற்றிலும் விடாமல் அதன் அளவைக் குறைத்து நொதியையும் சேர்த்துக்கொள்ளும் இடைவழியும் கையாளப்படுகிறது.